யாரும் தூக்காத குடம்

என் மனைவியின் வலது இடுப்பு எவ்வளவு வளைந்திருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் மில்லிமீட்டர் கணக்கில் மனப்பாடம். அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை அதை விற்றதே போதும்.

இப்படி ஆரம்பித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். நான் படம் வரைகிறவன். சினிமாப் படம் இல்லை, சாமி படமும் இல்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், அச்சு செய்கிற ஒரு டூல் ரூமில் டிராஃப்ட்ஸ்மேன். வண்டிகளின் உதிரி பாகங்களை வார்க்கிற அச்சுகளுக்கு, எஸ்டேட்டில் சொல்வதுபோல டைகளுக்கு, அளவு போட்டு வரைந்து கொடுப்பது என் வேலை. ஒரு கோடு மயிரிழை தள்ளிப்போனால் ஃபோர்மேன் வந்து கத்துவார். நானும் பதிலுக்குக் கத்துவேன். வேலையில் கெட்டி, வாயில் கேடு என்று எனக்குப் பெயர்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கொரட்டூர் ஏரிக்குப் பின்னால் குடியிருந்தோம். தவணையில் வாங்கிய துண்டு மனையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. வீட்டில் நான், அவள், பத்து மாதக் கைக்குழந்தையாக எங்கள் மகள். அந்தக் கோடையில் ஏரி வெடித்துப்போய்க் கிடந்தது. தண்ணீருக்கு நாலு தெரு தாண்டி அடிபம்புக்குப் போக வேண்டும். நான் காலை ஏழு மணிக்கு சைக்கிளை மிதித்தால் இருட்டின பிறகுதான் வருவேன். குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. அதனால் அவள் இடது இடுப்பில் குழந்தையும் வலது இடுப்பில் குடமுமாகத்தான் நடப்பாள்.

பித்தளைக் குடம் போய் பிளாஸ்டிக் குடம் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட சமயம் அது. கனமில்லை என்று எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் அதன் வயிறு உருண்டையாக, வழவழவென்று இருக்கும். இடுப்பில் வைத்தால் நிற்காது. கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். ஒருநாள் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் முழங்காலில் துணி கட்டியிருந்தாள். துணி சிவந்திருந்தது.

"இன்னாமே, கால்ல ரத்தம்?"

"கொடம் வழுக்கிக்கினு பூட்சு. கொழந்தைய புடிக்கிறதா, கொடத்த புடிக்கிறதா? எனக்கு இன்னா நாலு கையா கீது?"

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆவலியே?"

"அத்த உடுவனா? நான்தான் உய்ந்தேன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படம் வரையறேன், படம் வரையறேன்னு தெனம் சைக்கிள இஸ்துகினு போறியே. ஊருல ஓடுற வண்டிக்கெல்லாம் வரையுற. பொண்டாட்டி இடுப்புல நிக்கிற மாதிரி ஒரு கொடம் வரைய வக்கில்ல உனக்கு."

சுருக்கென்று இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் வேலை நன்றாக ஓடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் சமையல்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு அவளை நிற்க வைத்தேன். டூல் ரூமில் வளைவான சாமான்களை அளக்க ஈயக் கம்பி வைத்திருப்போம். எதன்மேல் வைத்து அழுத்தினாலும் அதன் வளைவு அப்படியே கம்பியில் நிற்கும். எடுத்துத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்ளலாம். அதைச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தேன். அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. கம்பி பட்டதும் நெளிந்தாள், சிரித்தாள், என் தலையில் குட்டினாள். முதல் மூன்று முறை எடுத்த வளைவு எதுவும் எதனோடும் ஒத்துப்போகவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. குழந்தையை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டால்தான் அந்தப் பக்க இடுப்பு வெளியே வரும். சும்மா நிற்கிற இடுப்பு வேறு, குழந்தையைச் சுமக்கிற இடுப்பு வேறு. குழந்தையைத் தூக்கி அவள் இடது இடுப்பில் வைத்தேன். அவள் சிரிப்பு நின்று, தெருவில் நடக்கிறவளைப்போல நின்றாள். ஈயக் கம்பி அப்போது காட்டிய வளைவுதான் சரியான வளைவு.

இன்றைக்கு யாராவது என்னிடம் ஒரு மணி நேரம் மட்டும் திருப்பித் தருகிறேன் என்று சொன்னால் நான் கல்யாண நாளைக் கேட்க மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பேன்.

ஒரு மரக்கட்டையை அந்த வளைவுக்கு ராவி எடுத்தேன். கடையில் நீலக் குடம் வாங்கி, அடுப்பில் காட்டி ஒரு பக்கத்தை இளக்கி, கட்டையை வைத்து உள்ளே அமுக்கினேன். முதல் குடம் சுருண்டு போனது. இரண்டாவதில் ஓட்டை விழுந்தது. மூன்றாவது நின்றது. குடத்தின் வயிற்றில் ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கிய பள்ளம். அவள் தண்ணீர் நிரப்பி, இடுப்பில் வைத்து, கையை எடுத்துவிட்டு இரண்டு அடி நடந்தாள். விழவில்லை. "அரை சொம்பு தண்ணி கம்மியா புடிக்குதுய்யா" என்றாள். அவள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது என்பது எனக்குத் தெரியும்.

பம்படியில் குடம் மாறிப்போகாமல் இருக்க எல்லோரும் அடியில் ஏதாவது குறி வைப்பார்கள். இவள் நகப் பாலிஷால் சின்னச் சிலுவை ஒன்று போட்டாள். நாலு மாதம் அந்தக் குடத்தில் தண்ணீர் தூக்கினாள். எங்கே வாங்கின என்று கேட்ட பெண்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "வாங்கல. எங்க ஊட்டுக்காரு எனக்குன்னு செஞ்சது." என்னிடம் ஒருநாளும் அந்தக் குரலில் பேசமாட்டாள். ஊராரிடம்தான் பேசுவாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எஸ்டேட்டிலேயே பிளாஸ்டிக் சாமான் செய்கிற முதலாளி ஒருவர் டை விஷயமாக எங்கள் டூல் ரூமுக்கு வருவார். எப்போதும் வெள்ளைச் சட்டை போடுகிற, குரல் உயர்த்தாத மனிதர். குடம்தான் அவர் கம்பெனியின் பெரிய சரக்கு. ஒருநாள் என் பெருமையை அடக்க முடியாமல் படத்தை அவரிடம் காட்டிவிட்டேன். வெகு நேரம் பார்த்தார்.

"இது யாரோட டிசைன்?"

"என்னுது சார். கம்பெனி வேலை இல்லை. வீட்ல வரைஞ்சது."

"அப்போ உங்ககிட்டயே வாங்கிக்கிறேன். சும்மா படத்தை மட்டும் இல்லை. உரிமையை."

உரிமை என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. குடத்தை விற்கலாம், படத்தை விற்கலாம், வளைவை எப்படி விற்பது? அவர் பொறுமையாகச் சொன்னார். வடிவத்தைக் கல்கத்தாவில் இருக்கிற சர்க்கார் ஆபீசில் பதிவு செய்துவிட்டால், இத்தனை வருஷத்துக்கு அந்த வடிவத்தில் வேறு யாரும் குடம் செய்யக் கூடாது. அந்த உரிமையை நான் அவர் பேருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் எனக்கு ஒன்றுதான் மனதில் ஓடியது. வீட்டு வாசலிலேயே போர் போட்டு அடிபம்பு வைத்துவிடலாம். அவள் நாலு தெரு நடக்க வேண்டாம்.

பாரிமுனையில் ஒரு மாடியில், முதலாளி கூட்டிப்போன ஏஜென்ட்டின் ஆபீஸ். இம்மாதிரிப் பதிவு வேலைகளையே தொழிலாகச் செய்கிறவர். ஆங்கிலத்தில் அடித்த பத்திரத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். படம், மரக்கட்டை, செய்த மாதிரிக் குடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். நகல் எதையும் நான் வைத்துக்கொள்ளக் கூடாது. நானும் என் வாரிசுகளும் எந்தக் காலத்திலும் உரிமை கோரக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்று கேட்டார்.

"இது புதுசா இருக்கணும். பதிவுக்கு முன்னாடி வெளியில யாராவது இதைப் பயன்படுத்தியிருந்தா உரிமை நிக்காது. யாரும் பயன்படுத்தலையே?"

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு அடிபம்பு தெரிந்தது.

"இல்லை சார். யாரும் பயன்படுத்தலை."

அந்த வரியையும் பத்திரத்தில் சேர்த்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாம் சொன்னேன். அடிபம்பு என்றதும் முகம் மலர்ந்தது. கடைசி வரியையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்தான். அவளிடம் மறைக்கத் தெரியாது எனக்கு, வெளியாளிடம் பொய் சொல்லத்தான் தெரியும்.

"அப்போ நான் இத்தினி நாளு தண்ணி தூக்குனது?"

"தூக்கலன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"தெருவே பாத்துதேய்யா."

"தெருவயா வந்து கேக்கப் போறாங்க? ஒரு வரிதானமே."

"பத்துக் கட்டளைல எட்டாவது இன்னான்னு தெரியுமில்ல?"

"பொய்ச் சாட்சின்னா அடுத்தவங்களுக்கு எதிரா சொல்றது. இத்தால யாருக்கு இன்னா நஷ்டம், சொல்லு."

அவள் குடத்தை எடுத்தாள். அதில் இருந்த தண்ணீரை அண்டாவில் ஊற்றினாள். முந்தானையால் உள்ளும் புறமும் துடைத்தாள். என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

டூல் ரூமிலிருந்து கொண்டுவந்த பெயின்ட் தின்னரைத் துணியில் தொட்டு, அடியில் இருந்த சிலுவையை நானே துடைத்தேன். மறுநாள் போர்வையில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி புரட்டிப் பார்த்துவிட்டு, "கீறலா இருக்கே" என்றார். செய்யும்போது இரண்டு தரம் கீழே போட்டுவிட்டேன் என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணைக்கு வந்துவிடுகிறது.

அவள் மறுபடியும் உருண்டைக் குடத்துக்குப் போனாள். பள்ளம் வைத்த குடம் எங்கே என்று பம்படியில் கேட்டிருக்கிறார்கள். "ஒடஞ்சு பூட்சு" என்று சொல்லியிருக்கிறாள். எனக்காக அவளும் ஒரு பொய். அதை அவள் என்னிடம் குத்திக்காட்டியதே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரியும்.

அடிபம்பு வந்தது. ஒரு வருஷம் பன்னீர் மாதிரி தண்ணீர். அடுத்த கோடையில் கலங்கியது, அதற்கடுத்ததில் காற்றுதான் வந்தது. அவள் மறுபடி தெருவில் இறங்கினாள், இந்தத் தடவை லாரித் தண்ணீருக்கு. அதற்குள் முதலாளியின் குடம் கடைகளில் வந்துவிட்டது. பச்சை, சிவப்பு, மஞ்சள். ஆசையாக ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அவள் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். சரியாக உட்காரவில்லை. தொழிற்சாலையில் பள்ளத்தை ஆழம் குறைத்துவிட்டார்கள். அப்போதுதான் டையிலிருந்து சீக்கிரம் கழன்று வருமாம்.

"இது எவ இடுப்புய்யா?" என்றாள்.

இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. ஆனாலும் அந்தக் குடத்தைத்தான் வைத்துக்கொண்டாள். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டதால் குடத்தைப் பிடிக்க இப்போது இரண்டு கையும் இருந்தது.

மகளுக்கு ஆறு வயதாகும்போது என் மனைவி போய்விட்டாள். மஞ்சள் காமாலை, பத்தே நாள். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் குடம் என்னைப் படுத்த ஆரம்பித்தது. வறட்சி விடவில்லை, ஊர் முழுக்கத் தண்ணீர் வரிசை. பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினால் ஜன்னல் வழியாக வரிசை வரிசையாகக் குடங்கள். ஆவடியில் இறங்கினால் லாரியைச் சுற்றிக் குடங்கள். பாதிக்கு மேல் பள்ளம் வைத்த குடங்கள்தான். யார் யார் இடுப்பிலோ அவள் இடுப்பின் வளைவு, கொஞ்சம் ஆழம் குறைவாக. நான் நின்று பார்ப்பேன். பெண்களை முறைக்கிறவன் என்று நினைத்து ஒருத்தி ஒருநாள் செருப்பைக் கழற்றினாள். அவள்மேல் தப்பில்லை.

வீட்டில் கல்யாண போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் அவள் ஸ்டுடியோ நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பாள். நடக்கிற போட்டோ இல்லை. குடத்தோடு, குழந்தையோடு, ஒருபக்கம் சாய்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் வருகிற போட்டோ இல்லை. எனக்கு அது வேண்டும்போல் இருந்தது. சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பதுபோல அது வேண்டும். மகள் வேறு கேட்பாள். "நைனா, அம்மா என்னிய தூக்குவாங்களா?" தூக்குவாள் என்பேன். "எனக்கு ஞாபகமே இல்லியே" என்பாள். ஆறு வயது வரை கூட இருந்தவளை ஒரு குழந்தை எப்படி மறக்கும் என்று எனக்கு அர்த்தமில்லாமல் கோபம் வரும். நானே அவள் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருந்தேன் என்பதுதான் உண்மையான கோபம்.

ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் ஒன்றில், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது அந்தப் பொய்யைச் சொன்னேன். ஃபாதர் இளவயதுக்காரர், குழம்பிவிட்டார்.

"குடத்தைப் பத்திப் பொய் சொன்னீங்களா?"

"குடத்தை யாரும் தூக்கலன்னு சொன்னேன் ஃபாதர்."

"அதனால யாருக்கு என்ன கெடுதல்? யாருக்கு எதிரான பொய் அது?"

நான் அவளிடம் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை பதில் தெரிந்திருந்தது. "எம் பொண்டாட்டிக்கு எதிரா" என்றேன். அவர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பாரம் ஒன்றும் இறங்கவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு வருஷம் ஓடியது. மகளுக்கு ஒன்பது முடிந்திருந்த சமயம், முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியின் சாவுக்கு மாலையோடு வந்து, கல்லறை வரை நடந்தவர் அவர். அதனால் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். யாரோ வானகரம் பக்கம் அதே பள்ளம் வைத்த குடத்தைச் செய்து பாதி விலைக்கு விற்கிறார்களாம். வழக்குப் போட்டிருக்கிறார்.

"நீங்க வந்து ஒரு சாட்சி சொல்லணும். நான்தான் வரைஞ்சேன், புதுசா வரைஞ்சேன்னு சொன்னா போதும். அஞ்சு நிமிஷம்."

சரி என்றேன். உண்மையில் அன்றைக்கு என் மனதில் வேறு எண்ணம் எதுவும் கிடையாது. பத்திரத்தில் எழுதியதையே வாயால் சொல்லிவிட்டு வரப்போகிறேன் என்றுதான் கிளம்பினேன். எஸ்டேட்டில் அரை நாள் லீவு போட்டேன்.

கோர்ட்டில் கூண்டுக்குப் பக்கத்து மேஜையில் அது இருந்தது. கழுத்தில் நூல் கட்டி, அட்டையில் எண் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். என் நீலக் குடம். கம்பெனிக் குடம் இல்லை, அடுப்பில் காட்டி நான் அமுக்கின குடம். முழு ஆழப் பள்ளம். விளிம்பில் பல் பட்ட தடம் சின்னதாக இருந்தது. தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் குழந்தை எட்டிக் கடிக்கும். எட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் தூக்கின அந்தக் குடத்தைப் பார்க்கிறேன், தொட முடியாத இடத்தில்.

கடவுள் அறிய உண்மை சொல்கிறேன் என்று சொல்லவைத்தார்கள். முதலாளியின் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்றேன். இது நீங்கள் செய்ததுதானா என்று குடத்தைக் கையில் கொடுத்தார். வாங்கிப் புரட்டினேன். அடிப்பக்கம் சிமென்ட்டில் தேய்ந்து வெளுத்திருந்தது. நடுவில், தின்னர் பட்ட இடத்தில், சிலுவையின் தடம் மங்கலாக அப்படியே இருந்தது. நான் துடைத்தது போகவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவரிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை போல. இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, காகிதத்தை மடித்துக்கொண்டே மூன்றாவதைக் கேட்டார்.

"பதிவுக்கு முன்னாடி இந்தக் குடத்தை வெளியில யாருமே பயன்படுத்தலை, அப்படித்தானே?"

"என் சம்சாரம் பயன்படுத்தினா சார்."

மடித்த காகிதத்தை அவர் மறுபடி பிரித்தார். முதலாளியின் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ளயா, வெளியிலயா?"

"தெருவுலங்க ஐயா. நாலு தெரு தாண்டி அடிபம்புக்கு. நாலு மாசம். இடது இடுப்புல குழந்தை, வலது இடுப்புல இந்தக் குடம்."

"அப்போ பத்திரத்துல எழுதிக் கொடுத்தது?"

"பொய்ங்க ஐயா."

"மனைவி பெயர்?"

சொன்னேன். முழுப் பெயரையும், ஞானஸ்நானப் பெயரோடு சொன்னேன். டைப் அடிக்கிறவர் எழுத்துக் கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

"அவங்களை வரச் சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க ஐயா. இறந்துட்டா."

டைப்ரைட்டர் அதையும் அடித்தது. நீதிபதி என்னைக் கடுமையாகக் கண்டித்தார். இனிமேல் கையெழுத்துப் போடும்போது யோசிக்கச் சொன்னார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நியாயத்துக்காக நான் அதைச் சொன்னேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் தூக்கவில்லை என்று இன்னொரு தரம் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வராந்தாவில் முதலாளி நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேனே."

"தெரியும் சார். அதனாலதான் சொல்லலை."

"இனிமே எவன் வேணாலும் அந்தக் குடத்தைச் செய்யலாம். தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்ட கையோடு, வெட்கம் கெட்டுப்போய், இன்னொன்றும் கேட்டேன். கேஸ் முடிந்ததும் அந்த நீலக் குடத்தை எனக்குத் தர முடியுமா என்று.

அவர் யோசித்தார். "வடிவம்தான் யாருக்கும் சொந்தமில்லாம போகும். குடம் என்னுது. நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க." படியிறங்கிப் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

வழக்குத் தோற்றது. ஒரு வருஷத்துக்குள் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஆளாளுக்குப் பள்ளம் வைத்த குடம் செய்தார்கள். சிலதில் பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தது. நான் நின்று பார்ப்பதை விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது அங்கே இல்லை என்று தெரிந்துவிட்டது.

எனக்கு வேண்டியதைக் கோர்ட் ஆபீசில் மனுப் போட்டுக் கேட்டேன். என் வாக்குமூலத்தின் நகல். எதற்கு என்று கேட்டார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள என்றேன். குமாஸ்தா விநோதமாகப் பார்த்தார். நாலைந்து தரம் அலையவிட்டு, கடைசியில் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு தாள். அவள் தண்ணீர் தூக்கினாள் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி.

அன்று மாலை மகள் பள்ளிக்கூடப் பையை இறக்கியதும் தாளை அவள் கையில் கொடுத்தேன். விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"நைனா, 'இடது இடுப்பில் குழந்தை'ன்னு போட்டுகீதே. அந்தக் கொழந்த யாரு?"

"நீதாம்மா."

"அப்போ தூக்கிகீறாங்க."

"தூக்கிகீறா."

மறுபடி அந்த வரியைப் படித்தாள். "அம்மா பேரு கீது. என் பேரு இல்லியே."

"யாரும் கேக்கலம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். குழந்தை என்ற வார்த்தைக்கு மேலே, கொஞ்சம் கோணலாக, தன் பெயரை எழுதினாள். முத்திரை குத்திய நகலில் ஓர் எழுத்துக் கூட்டினாலும் அது செல்லாது என்று குமாஸ்தா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் தடுக்கவில்லை.